கண்டிச் சிறையும் வேலூர்ச் சிறையும்

1967-ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் 'தி பிரிசனர்' என்றோர் ஒற்றர் நாடகம் வந்தது. பேட்ரிக் மக்கூஹன் என்னும் நடிகர் தாமே உருவாக்கி நடித்தது. மொத்தம் 17 பகுதிகள். உளவுத் துறையில் பணியாற்றிய ஒருவர் திடீரென வேலையைத் துறக்கிறார். அன்றே மயக்கமுறச் செய்யப்பட்டு ஓர் ஊருக்குக் கடத்தப்படுகிறார். அவ்வூருக்குப் பெயர் இல்லை, 'கிராமம்' என்பார்கள். அங்கே அழகிய வீடுகள் உண்டு, பூங்கா உண்டு, கடை உண்டு, வாத்திய இசையும் உண்டு. கம்பிகள் மட்டும் இல்லை. அங்குள்ளார்க்குப் பெயர் கிடையாது, எண்கள்தாம். நம் கதைத்தலைவர் ஆறாம் எண். "ஏன் பணி துறந்தாய்?" என்னும் ஒரே வினாவுக்கு விடை பெறுவதற்காகவே அத்துணை வசதிகளும்.

அண்மையில் எம் மைந்தன் கணினியில் காட்ட, அதன் பகுதி ஒன்றை அண்டாப்ஹில் குடியிருப்பில் அமர்ந்து கண்டோம். ஆறாம் எண்ணும் உடன் கைதியான ஒரு பெண்மணியும் மரப்படகேறித் தப்புகின்றனர். கிராமம் லிதுவேனியாவில் இருப்பதாக அப்பெண் சொல்லியிருக்கிறாள். போலந்துக் கரையில் ஒருவன் தன் கைக்கடிகாரத்தைத் தலைவருக்குத் தருகிறான். பின் பெட்டிக்குள் அடைபட்டு நெடும்பயணம். பெட்டி திறந்தால் இலண்டன், தம் பழைய அலுவலகம், பழைய மேலதிகாரிகள். 'ஏன் பணி துறந்தாய்?' என்று அவர்களும் கேட்கின்றனர். அவர் வாய் திறக்கும் வேளையில் வெளியே இலண்டன் மாநகரின் பெருமணி எட்டு அடிக்கிறது. மணிக்கட்டைப் பார்க்கிறார், அங்கும் எட்டு! போலந்துக்காரன் தந்த கடிகாரம் ஒரு மணி நேரம் வேறுபட அல்லவா காட்ட வேண்டும்? கதவைத் திறந்து வெளியே வருகிறார். எதிரே அதே கிராமம். மணியோசை வந்தது ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து.

கற்பனைதானே என்று விட்டுவிடலாம். ஆயினும், வரலாற்று நூல்களை ஓய்வுநேரப் பழக்கமாகக் கொண்ட நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. கம்பியில்லாச் சிறையும், வசதியான கைதியும், ஒற்றர் வலையும் நம் கடல்களிலும் கரைகளிலும் உண்மையாகவே நடந்தவை. ஈழத்துக் கண்டியிலும் தொண்டை நாட்டு வேலூரிலும் நடந்த அக்கதையை இம்மலரில் எழுதலாம் எனத் துணிந்தோம்.

முதலில் கண்டி. 1660-ஆம் ஆண்டு திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனிக் கப்பல் ஒன்று, புயலில் பழுதுபட்டுப் பாய்மரம் செப்பனிட வந்து நின்றது. கண்டி மன்னர் இரண்டாம் இராசசிங்கரின் ஆட்கள் அதன் தலைவரையும், அவர் மகன் ராபர்ட் நாக்ஸையும், மாலுமிகள் பலரையும் பிடித்தனர். எந்தக் கோட்டையிலும் அவர்களை அடைக்கவில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்து மலைநாட்டுக் கிராமங்களில் விட்டனர். சோறு தரும் பொறுப்பு ஊராருக்கு. ஓடாமல் பார்க்கும் பொறுப்பும் அவர்களுக்கே. தந்தை அடுத்த ஆண்டே நோயில் இறந்தார். இருபது வயது மகன் தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடும் கட்டிக்கொண்டார். போகத்தான் விடவில்லை.

அவர் தப்பிய முறை சுவையானது. ஓட முயன்றால் பிடிப்பார்கள். வணிகம் செய்யப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். எனவே சரக்குச் சுமந்து வடக்கு நோக்கிப் போவதையும் திரும்பி வருவதையும் ஆண்டுக்கணக்கில் பழக்கமாக்கினார். ஊர்க்கண்களுக்கு அப்போக்குவரத்து இயல்பாகிவிட்டது. 1679-இல் ஒருமுறை தோழர் ஒருவருடன் சென்றவர் திரும்பவில்லை. அநுராதபுரக் காடுகளைக் கடந்து, மன்னார்ப் பக்கத்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். சிறைப்பட்டு ஏறத்தாழ 19 ஆண்டுகள். 1681-இல் இலண்டனில் வெளியான அவர் நூல் இன்றும் கண்டி அரசைப் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக விளங்குகிறது.

நாக்ஸ் போய் அறுபது ஆண்டுகளில் கண்டி அரியணை மதுரை நாயக்கர் உறவினர் கைக்கு வந்தது. ஆண் வாரிசில்லாத மன்னர் தம் தேவியின் உடன்பிறந்தாரை வாரிசாக்க, 1739 முதல் நான்கு மன்னர்கள் அவ்வழியில் ஆண்டனர். குடிமரபால் தெலுங்கர், அரண்மனையில் தமிழும் வழங்கிற்று, சமயத்தால் பௌத்தம் புரந்தவர்கள். நான்காமவரே 1798-இல் பதினெட்டு வயதில் முடிசூடிய கண்ணுசாமி என்னும் ஸ்ரீ விக்கிரமராசசிங்கர். அவரை அரியணையில் ஏற்றியவர் பிலிமத்தலாவ என்னும் முதலமைச்சர். இளைஞனைக் கைப்பாவையாக ஆட்டலாம் என்று எண்ணியவர், அது நடவாமற் போகவே சதி செய்து, பின்னாளில் அம்மன்னராலேயே தலையிழந்தார்.

1803-இல் ஆங்கிலேயர் கண்டி மீது படையெடுத்து, முத்துசாமி என்னும் உறவினரை மாற்று மன்னராக அமர்த்தினர். நோயும் பட்டினியும் படையை அழித்தன. சரணடைந்த மேஜர் டேவி, தாம் காப்பதாக அழைத்துவந்த முத்துசாமியையே மகாவலிக் கரையில் கண்டியர் கையில் ஒப்படைத்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். ஆங்கிலேய வீரர்களும் கொல்லப்பட்டனர். டேவியை மட்டும் மன்னர் உயிரோடு வைத்துக்கொண்டார். 1812-ஐ ஒட்டி நோயுற்று இறக்கும்வரை அவர் கண்டியை விட்டு வெளியேறவில்லை. மறைவாக எழுதி அனுப்பிய குறிப்புக்கள்தாம் அவருக்கு இருந்த ஒரே வாயில்.

அக்குறிப்புக்கள் போய்ச் சேர்ந்த இடம் ஜான் டொயிலி. கேம்பிரிட்ஜில் பயின்று, நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து, மாத்தறையில் பிக்கு ஒருவரிடம் சிங்களம் கற்றுத் தேர்ந்தவர். அரசின் தலைமை மொழிபெயர்ப்பாளர். பதவிப் பெயர் அது. செய்த தொழில் ஒற்றாடல். மலையேறி வரும் வணிகர், பிக்குகள், மனம் கசந்த அதிகாரிகள், அவர்தம் தூதர் எல்லாரும் அவரிடம் வந்து செய்தி சொல்வர். எந்தப் பிரதானிக்கு மன்னர் மேல் கோபம், எந்தக் கணவாயில் எத்தனை காவலர் என்பனவற்றையெல்லாம் நாள்தோறும் குறித்துவைத்தார். அந்நாட்குறிப்பு 1917-இல் அச்சாயிற்று. 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்த நூலைத் தலைமேற் கொண்டாடும் நாம், அதற்கு உரை எழுத வேண்டின் டொயிலியின் நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிலிமத்தலாவவுக்குப் பின் முதலமைச்சரான எகலப்பொல 1814-இல் ஆங்கிலேயர் பக்கம் ஓடினார். அவர் மனைவி மக்களை மன்னர் கண்டியில் கொல்வித்த கொடுமை நாட்டையே அவருக்கு எதிராகத் திருப்பியது. நாயக்க மன்னர் என்பதற்காக அச்செயலை மூடி மறைத்தல் நமக்குத் தகாது. 1815 சனவரியில் ஆளுநர் பிரௌன்றிக் போர் தொடுத்தார். போர் என்று பெயர்தான். பிரதானிகள் ஏற்கெனவே கைமாறியிருந்தனர். பிப்ரவரி 18 அன்று மெதமகாநுவரவுக்கு அருகே ஒரு வீட்டில் தேவியரோடு ஒளிந்திருந்த மன்னரை எகலப்பொலவின் ஆட்கள் பிடித்தனர். தேவியரின் காதணிகள் அறுத்து எடுக்கப்பட்டன.

மார்ச் 2 அன்று கண்டி அரண்மனை மண்டபத்தில் ஓர் உடன்படிக்கை படிக்கப்பட்டது. மன்னர் அவ்வமயம் காவலோடு கொழும்புக்கு நடத்திச் செல்லப்பட்டுக்கொண்டிருந்தார். மைய அரசின் கோப்புக்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழன்ற நமக்கு அவ்வுடன்படிக்கையின் நடை நன்கு விளங்கும். முதற் கூறு மன்னரின் கொடுமைகளைப் பட்டியலிடுகிறது. இரண்டாங்கூறு, அவரும் அவர் குலமும் அரசுரிமை இழந்தனர் என்கிறது. மூன்றாங்கூறு அவர்தம் ஆண் உறவினர் அனைவரையும் பகைவர் என அறிவிக்கிறது. 'மலபார்' இனத்து ஆடவர் வெளியேற்றப்படுவர், உரிமைச் சீட்டின்றி மீண்டும் நுழையலாகாது என்கிறது. மலபார் என்று அக்காலத்து ஆங்கிலேயர் எழுதியது தமிழரை. கண்டியில் பிறந்து, கண்டியில் கடை வைத்து, கண்டியில் மக்களைப் பெற்றவர்கள் ஒரு பத்தியில் அயலார் ஆயினர்! எழுதியவருக்குச் சினம் இல்லை, குரல் உயரவில்லை. வரைவு செம்மையாக இருக்கிறது. 1966-ஐ அடுத்து வந்த ஆண்டுகளில் மாட்டுங்காவிலும் தாராவியிலும் கடைப்பலகையின் எழுத்தைப் பார்த்துக் கல்லெறிந்தோரை நினைவில் கொண்ட முதியோர் இன்றும் நம்மிடையே உளர். அவர்கள் இம்மூன்றாங்கூற்றைப் படித்தால் பெருமூச்சு விடுவர். கல்லுக்கு அஞ்சினால் கதவைச் சாத்தலாம். கோப்புக்கு எந்தக் கதவைச் சாத்துவது?

கொழும்பில் மன்னர் நல்ல வீடொன்றில் வைக்கப்பட்டார். மெத்தையும் விரிப்பும் இட்ட அவ்வீட்டைக் கண்டு, அரசனாக இருக்க இனி வழியில்லாத நிலையில் இந்த அன்புக்கு நன்றி என்னும் பொருள்படப் பேசியதாகப் பதிவு உண்டு. இன்று கொழும்புக் கோட்டைப் பகுதியில் சாலையோரம் தனித்து நிற்கும் ஒரு சிற்றறையை 'மன்னர் சிறையிருந்த இடம்' என்று காட்டுகிறார்கள். பதிவுகளோடு அது பொருந்தவில்லை. ஆயினும் மக்கள் அதைத்தான் நம்ப விரும்புகிறார்கள். கூடமும் மெத்தையும் உள்ள வீட்டைக் காட்டினால் யார் கண்ணீர் விடுவார்? சிறை என்றால் கம்பி வேண்டும் என்று நம் மனம் கேட்கிறது. அக்கம்பி இல்லாத இடத்தில் கைதியே தன் நிலையை மறந்துபோகக் கூடும். ஆறாம் எண்ணின் கைக்கடிகாரம் நமக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

1816 சனவரி 24 அன்று மன்னரும் தேவியரும் சுற்றத்தாரும் 'கார்ன்வாலிஸ்' என்னும் போர்க்கப்பலில் ஏற்றப்பட்டனர். உடன் சென்ற கிரான்வில் என்னும் அதிகாரி அப்பயணத்தைப் பற்றிக் குறிப்பேடு எழுதிவைத்தார். கப்பல் சென்னைக்கு வந்தது, அங்கிருந்து வேலூர்.

வேலூர்க் கோட்டையை நம்மவர் பலர் அறிவர். மருத்துவத்தின் பொருட்டு அவ்வூருக்குச் செல்லாத குடும்பம் பம்பாய்த் தமிழரில் குறைவு. விசயநகரக் காலத்துக் கட்டடம். கருங்கல் மதில், அகன்ற அகழி, உள்ளே சலகண்டேசுவரர் கோயில். பல்லாண்டு இறைவன் திருமேனி இன்றிக் கிடந்த அக்கோயிலில் 1981-இல்தான் மீண்டும் இலிங்கம் எழுந்தருளியது. கண்டி மன்னர் வருமுன்பே அக்கோட்டை அரச கைதிகளைக் கண்டது. 1799-இல் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தபின், அவர் மக்களும் மகளிரும் அங்கே குடியேற்றப்பட்டனர். அவர்களில் இருவர், 1792-இல் பத்து வயதும் எட்டு வயதுமான சிறுவராகக் கார்ன்வாலிசிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டு, இரண்டாண்டு சென்னையில் இருந்து மீண்டவர்கள். பிணையாகிச் சிறுவயது போயிற்று. கைதியாகி இளமையும் போயிற்று. ஆனால் உதவித்தொகை உண்டு, பணியாளர் உண்டு, திருமணங்கள்கூட நடந்தன.

அத்தகைய ஒரு திருமணத்தின் மறுநாள்தான் 1806 சூலை 10. புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறி நீக்கலும், தாடி மீசை விதியும் சிப்பாய்களைச் சினமூட்டியிருந்தன. விடியுமுன் அவர்கள் எழுந்தனர். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் மாண்டனர். கோட்டைமேல் திப்புவின் புலிக்கொடி ஏறிற்று. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்து, சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அன்றே கொல்லப்பட்டனர்.

இதில் ஒற்றர் கதை ஒன்று உண்டு. சில நாள் முன்னரே முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், சதி நடக்கிறது என்று மேலதிகாரியிடம் சொன்னான். அதிகாரி அதனை விசாரிக்குமாறு இந்திய அலுவலர் குழு ஒன்றுக்கு அனுப்பினார். அவர்களில் சிலரே சதியில் இருந்தவர்கள். 'இவன் பித்தன்' என்று குறிப்பு எழுதினார்கள். முஸ்தபா பேக்குக்கு விலங்கு பூட்டப்பட்டது. எழுச்சி அடங்கியபின் அவனுக்குப் பரிசும் ஓய்வூதியமும் கிடைத்தன. புகாரை, புகாருக்கு ஆளானவரிடமே கருத்துரைக்கு அனுப்பும் வழக்கம் எந்நாட்டு அலுவலகத்திலும் உள்ளதுதான். இருநூறு ஆண்டுப் பழமை உடையது என்பதைத்தான் நாம் அறியாதிருந்தோம்.

திப்புவின் மைந்தர் கல்கத்தாவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்கள் விட்டுப்போன கோட்டைக்கே பத்தாண்டு கழித்துக் கண்டி மன்னர் வந்தார். அங்கேயே பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். 'கண்டி மகால்' என்று ஒரு கட்டடம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. குடும்பம் உடன் இருந்தது. செலவை அரசு ஏற்றது. ஆங்கிலேயர் ஏடுகளில் மட்டும் அவர் 'கண்டியின் முன்னாள் மன்னர்'. அதே 1815-இல் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனை செயின்ட் எலினாத் தீவில் வைத்து, 'ஜெனரல் போனபார்ட்' என்றே அழைப்போம் என அடம்பிடித்ததும் அவ்வாங்கிலேயரே. உடலைக் காவலில் வைப்பது எளிது. பெயரைக் காவலில் வைப்பதில்தான் அவர்கள் அத்துணைக் கவனம் காட்டினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. 1817-இல் ஊவாவில் கிளர்ச்சி எழுந்தபோது அதன் தலைமையில் நின்றவர் தம்மைத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டார். நாயக்க மன்னரின் உறவினர் என்றார். உண்மையில் அவர் விலபாவ என்னும் ஊரைச் சேர்ந்த, துறவாடை களைந்த ஒரு சிங்களவர். மன்னர் வேலூர் அகழிக்கு உள்ளே இருக்க, அவர் குலப்பெயர் கடல் கடந்து சென்று மலைநாட்டில் படை திரட்டிற்று!

இவ்விடத்தில் நம் பக்கத்து ஊரான தாணாவையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மன்னர் வேலூர் புகுந்த அதே 1816-இல், பேஷ்வாவின் அமைச்சர் திரிம்பக்ஜி தேங்களே தாணாக் கோட்டையில் அடைபட்டிருந்தார். கோட்டை அதிகாரி ஒருவரின் குதிரைக்காரன் அவர் சாளரத்தின்கீழ் குதிரை தேய்த்துக்கொண்டே மராத்தியில் பாடுவானாம். காவலுக்கு நின்ற ஆங்கிலேயர் வெறும் பாட்டு என்று இருந்தனராம். பாட்டுக்குள் தப்பும் வழி இருந்ததாம். செப்டம்பரில் ஒருநாள் சுவரில் துளையிட்டுத் திரிம்பக்ஜி மறைந்தார். அக்கோட்டையே இன்றைய தாணா மத்தியச் சிறை. கல்லும் காவலும் கொண்ட சிறையிலிருந்து ஓராண்டளவில் ஒருவர் ஓடிவிட்டார்; கதவில்லாத எலதெத்தவிலிருந்து வெளியேற நாக்ஸுக்கு 19 ஆண்டுகள் ஆயின.

வேலூருக்குப் பின்னும் அவ்வழக்கம் நின்றதில்லை. தில்லியின் கடைசி முகலாயர் இரங்கூனுக்குப் போனார். பர்மாவின் கடைசி மன்னர் தீபா 1885-இல் சென்னைக்கு வந்து, மறு ஆண்டு இரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டு, 1916-இல் அங்கேயே இறந்தார். கொங்கண் வழியாகத் திருநெல்வேலிக்குப் போகும் நம்மவர், அவருக்கெனக் கட்டிய மாளிகை இருக்கும் அவ்வூரை உறக்கத்தில் கடந்துவிடுகிறார்கள்.

எகலப்பொலவின் முடிவையும் சொல்லிவிடல் வேண்டும். அரியணை தமக்கே கிட்டும் என்று நம்பியிருந்தவரை, 1818-இல் கிளர்ச்சிக்காலத்து ஐயத்தின்பேரில் ஆங்கிலேயர் பிடித்தனர். பின்னர் மொரீசியசுத் தீவுக்கு அனுப்பினர். 1829-இல் அங்கே இறந்தார். டொயிலி, மணம் செய்யாமலே வாழ்ந்து, 1824-இல் கண்டியிலேயே காய்ச்சலில் மாண்டார். கண்டியைவிட்டுப் போகாத மூவரில் டேவிக்கும் டொயிலிக்கும் இடையே என்ன வேறுபாடு என்று நாம் சில சமயம் எண்ணியதுண்டு, மூன்றாமவன் முத்துசாமி. மன்னர் 1832 சனவரி 30 அன்று வேலூரில் காலமானார், வயது ஐம்பத்திரண்டு. இங்கிலாந்துக்குக் கொண்டுபோன கண்டி அரியணை 1934-இல் இலங்கைக்குத் திரும்பி வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் சிகிச்சைக்காக வேலூரில் தங்கியிருந்தபோது, ஒரு மாலை பாலாற்றங்கரைக்குச் சென்றோம். மன்னரும் குடும்பத்தாரும் துயிலும் இடத்தில் தமிழ்நாட்டு அரசு 1990-இல் எழுப்பிய முத்து மண்டபம் அங்கே இருக்கிறது. கொழும்பிலிருந்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்று பூக்களோடு நின்றது. நமக்குச் சிங்களம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் சில சொற்கள் தெரியும், மீதிக்கு ஆங்கிலம். பெரியவர் தம் கைப்பேசியில் கொழும்புச் சிற்றறையின் படத்தைக் காட்டி, "அங்கே இருந்தார், பிறகு இங்கே," என்றார். நாம் மறுத்துப் பேசவில்லை. அவர் பேரன், எட்டு வயது இருக்கலாம், மண்டபத்தை ஒருமுறை சுற்றிவந்து, இங்கே கம்பி எங்கே என்று கேட்டான். கோட்டைக்குப் போனால் கண்டி மகாலைக் காட்டலாம் என்றோம். அதற்குள் இருட்டிவிட்டது, அவர்களுடைய வண்டி வந்து நின்றது.